சோழன் திரும்பினான், பிள்ளை தங்கினார்



தன்னை அறிய ஏங்கும் மக்கள் கதையைத் தேடுவார்கள். ஃபின்லாந்து ரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்தபோது, எலியாஸ் லொன்ரோத் என்ற மருத்துவர் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டி, 1835ல் 'கலேவலா' காவியமாக்கினார். 'நாங்கள் யார்?' என்ற கேள்விக்கு ஃபின்னியர்கள் அதில் விடை கண்டார்கள். 1917ல் அந்நாடு விடுதலை அடைந்தது. ஈழத்து எழுத்தாளர் உதயணன் அதைத் தமிழாக்கியுள்ளார்.

சிங்கப்பூருக்கும் அப்படியொரு கதை உண்டு. மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில், ராஜா சூலான் சீனாவை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் வந்து சேர்கிறான். சீனப் பேரரசர் ஒரு கப்பல் அனுப்புகிறார். அதில் பல் விழுந்த கிழவர்களும் துருப்பிடித்த ஊசிகளும் காய்த்த மரங்களும். புறப்பட்டபோது தாங்கள் சிறுவர்கள், ஊசிகள் இரும்புக் கம்பிகள், மரங்கள் வெறும் விதைகள் என்று கிழவர்கள் சொல்ல, அவ்வளவு தூரமா என்று மன்னன் திரும்பிவிடுகிறான். அவன் வழிவந்தவராகவே, சிங்கப்பூரா நகரை நிறுவிய சாங் நீல உத்தமாவை அந்நூல் காட்டுகிறது.

சூலான் என்பது சோழன். 1025ல் ராஜேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பின் நினைவே இது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கேட்கும் தமிழருக்குப் பெருமைதான். ஆனால் கதையில் வந்தவன் சோழன், ஏமாற்றி அனுப்பியவர் சீனர், எழுதி வைத்தவர் மலாய்க்காரர். மூவரில் ஒருவரை நீக்கினாலும் கதை நிற்காது.

சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ட்சூ நியென் 2003ல் 'உத்தமா' என்ற வீடியோ படைப்பை 20 ஓவியங்களுடன் உருவாக்கினார். ராஃபிள்ஸுக்கு முந்திய நிறுவனரைத் தேடும் அப்படைப்பு, நாட்டை நிறுவியவர் ஒருவர்தானா என்றும் யோசிக்க வைக்கிறது.

விடை சைனாடவுனில் இருக்கிறது. "இங்கே கோபுரமா?" என்று சுற்றுப்பயணிகள் வியக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827ல் எழுந்தது. பக்கத்துப் பகோடா ஸ்திரீட் பெயர் பெற்றதும் அக்கோபுரத்தால்தான். சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசல். சூலியா என்ற சொல்லும் சோழரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை மன்னர் அல்லர். 1819ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்து, செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர். கதையில் சோழன் திரும்பினான்; பிள்ளை தங்கினார். முதலில் வந்தது யார் என்பதைவிட, தங்கி உழைத்தது யார் என்பதே உரிமையைத் தருகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோழன் கதையோடு இதையும் சொல்ல வேண்டும்.