சாக்கடை எட்டாத தெருக்கள்

பட்டம் பெற்றுப் பொதுச் சுகாதாரப் பணிக்குப் புறப்படுகிற பிள்ளைகளே!

போலியோ வைரஸ் தொற்றுகிற சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகிறது. மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே மலத்தில் வைரஸை வெளியேற்றுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் இது தெரியவே தெரியாது. அதனால்தான் 2001-இல் மும்பையில் சாக்கடை நீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். காலையில் கழிவுநீர் அதிகம் ஓடும் நேரம் பார்த்து ஒரு லிட்டர் மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வழியில் ஐஸ் கரைந்துவிட்டால் அந்த மாதிரியை நம்ப முடியாது. அதில் வைரஸ் தென்படவில்லை என்பதற்காக ஊரில் நோயில்லை என்று எழுதிவிடக் கூடாது.

2016-இல் ஐதராபாத் கழிவுநீரில், தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய போலியோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்கியிருக்கவில்லை. ஆனாலும் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். 2022-இல் லண்டன் சாக்கடையில் வைரஸ் தெரிந்தபோது, அங்கே 1 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கூடுதல் தவணைத் தடுப்பூசி போட்டார்கள். ஒரு கண்காணிப்பு முறையை மதிப்பிட வரும்போது இதை முதலில் கேளுங்கள்: மாதிரி எடுத்த நாளிலிருந்து ஊசி போட்ட நாள்வரை எத்தனை நாள் ஆயிற்று? அறிக்கை அலமாரியில் தூங்கினால் எவ்வளவு பெரிய ஆய்வகம் இருந்தும் பயனில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. யார் வீட்டுக் கழிவு அந்தச் சாக்கடைக்கு வந்து சேர்கிறது? புதுச்சேரிக்கு வடக்கே, கிளியனூரிலிருந்து கிழக்கே மரக்காணம் உப்பளம் வரை போய்ப் பாருங்கள். கழிப்பறை உள்ள வீட்டில் செப்டிக் டேங்க், இல்லையென்றால் உறைகுழி. வெயிலில் உப்பு வாருகிற பெண்களுக்கு, பாத்திக்கு நடுவே ஒதுங்க ஒரு மறைவுகூட இல்லை. பாதாளச் சாக்கடையில் மட்டும் மாதிரி எடுக்கும் திட்டத்தின் கணக்கில் இவர்கள் யாருமே கிடையாது.

வழி இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் மாதிரி எடுக்கலாம். யானைக்கால் நோயைக் கண்காணிக்க வேறு வழியும் உண்டு. பக்கத்தில் புதுச்சேரியிலேயே, 1975-இல் தொடங்கப்பட்ட வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. கொசுவைப் பிடித்து அதற்குள் யானைக்கால் புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. அதற்குச் சாக்கடையே தேவையில்லை.

நாளை மாதிரி எடுக்கும் இடங்களை வரைபடத்தில் நீங்கள் குறிக்கும்போது, உப்பளத் தெருவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். செலவு கட்டாது என்று அதை யாராவது அடிக்க வந்தால், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.