மரக்கால் யார் கையில்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க தாத்தா பண்ணையாள். பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்ததாம். கூலி அளக்கச் சின்னது, கொடுத்த கடனைத் திருப்பி அளந்து வாங்கப் பெரிசு. உலக வர்த்தகம் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு அந்த மரக்கால்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

கரீபியன் கடலில் ஹெய்ட்டி என்று ஒரு நாடு. கரும்புத் தோட்டங்களில் சாட்டையடி பட்ட கறுப்பின அடிமைகள் 1791இல் கலகம் செய்து, நெப்போலியனின் படையையும் விரட்டி, 1804இல் விடுதலையை அறிவித்தார்கள். ஆண்டைகளுக்கு இது பொறுக்குமா? 1825இல் பிரெஞ்சு மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பினான். உன் விடுதலையை நான் ஏற்கணும்னா 15 கோடி பிராங்க் கொடு, பிரெஞ்சுச் சரக்குக்குப் பாதிச் சுங்கம் மட்டும் போடு என்றான்.

அடிமையாக இருந்தவன் ஆண்டைக்கு நஷ்டஈடு கட்டணுமாம்! 1838இல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டவும் பிரெஞ்சு வங்கிகளிடமே கடன். அந்தக் கடன்களின் வால் 1947இல்தான் அறுந்தது. காப்பி விற்ற காசு பள்ளிக்கூடமாகவில்லை, சாலையாகவில்லை. வட்டியாகப் போனது.

பிறகு மரக்காலுக்குப் பேர் மாறியது. தாராள வர்த்தகம் என்றார்கள். 1980களின் தொடக்கம் வரை ஹெய்ட்டி தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்தது. கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியில் 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாக வெட்டப்பட்டது. அமெரிக்க அரசு தன் விவசாயிக்கு மானியம் கொடுக்கும். ஹெய்ட்டி தன் விவசாயிக்கு வரிப் பாதுகாப்புகூடக் கொடுக்கக் கூடாது. ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கின் நெல் விவசாயி மலிவு அரிசியோடு போட்டி போட முடியாமல் விழுந்தான். இந்தக் கொள்கை தன் ஆர்க்கன்சா விவசாயிகளுக்கு லாபமாயிருக்கலாம், ஹெய்ட்டிக்குத் தவறாகிவிட்டது என்று கிளிண்டனே 2010இல் ஒப்புக்கொண்டார். வருத்தப்பட்டால் வயல் திரும்பி வருமா?

'சமமாப் போட்டி போடு' என்கிற பேச்சு நமக்குப் புதுசா தோழர்களே? முன்னூறு வருஷம் ஒருத்தன் காலைக் கட்டிவைத்துவிட்டு, பந்தயத்தன்று அவிழ்த்துவிட்டுத் தகுதி, திறமை பேசுகிறவர்களை நாம் நன்றாகவே அறிவோம்.

இன்னொன்றும் சொல்லணும். 'நாடு நஷ்டப்பட்டது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீங்க. அதே ஹெய்ட்டியில் இறக்குமதி வியாபாரிகள் சிலர் கொழுத்தார்கள். நாட்டுக்கு வெளியே இரண்டு மரக்கால் என்றால் உள்ளேயும் இரண்டு மரக்கால்.

வர்த்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெல்லும் காப்பியும் விற்கத்தான் வேண்டும். ஆனால் எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலில் கேளுங்க: மரக்கால் யார் செய்தது? யார் கையில் இருக்கு?