எழுதியவர்களையும் எழுதாதவர்களையும் எண்ணுவோம்

நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் டயகமப் பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை



மாணவிகளின் குடும்பப் பின்னணியும் பரீட்சைப் பெறுபேறும் என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். டயகமத் தோட்டங்களிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்து, விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். ஆகையால் இந்தக் கல்லூரியின் பெறுபேற்றை மட்டும் பேசாமல், நாங்கள் விட்டு வந்த தோட்டப் பாடசாலையின் பெறுபேற்றையும் சேர்த்தே பேச விரும்புகிறோம். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டுமே விளங்காது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

டயகமவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று பஸ்ஸில் ஏறிப் போனால் கடைசியில் வருவது டயகம. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. நடுவில் தேயிலை மலைகள், டிவிசன் டிவிசனாக லயங்கள். மேல் டிவிசன் பிள்ளை பாடசாலைக்கு வர வேண்டுமென்றால் மலையிறங்கி நடக்க வேண்டும்; மாலையில் அதே மலையை ஏற வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடியும் சேர்ந்துகொள்ளும்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர் என்று 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டுகிறது. ஆனால் இந்த மக்களுக்குப் பாடசாலை வந்த வரலாறு மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தன. அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரைக்குத்தான். ஒரே அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் அதற்குள்ளே. அதன் பிறகு பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து தோட்டத்துச் செக்ரோலுக்குப் போய்விடும். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன.

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அந்தக் காலத்து இடாப்புகளில் வருடத்தின் நடுவில் நின்றுபோன பெயர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் பெரியம்மாமார், மாமாமார் பலர் அப்படித்தான் பாதிப் படிப்போடு கப்பலேறினார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977க்குப் பிறகுதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. பின்னர் சுவீடன் நாட்டின் உதவியோடு பல இடங்களில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. அங்கிருந்து வெளியேறிய ஆசிரியைகள் பலர் இந்தச் சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நம் சங்கத்துக்கு நூறு வயது. தோட்டத்துப் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலை கிடைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான்.

இனிப் பெறுபேற்றுக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம் கல்லூரிக்கு இத்தனை சதவீதம், தோட்டப் பாடசாலைக்கு இத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டுப் பேசுவார்கள். நம் கல்லூரி உயர்ந்து நிற்கும். எங்களுக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்ன செய்கிறது? மலைமேல் இருக்கும் சிறிய பாடசாலையில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் அனுப்புகிறது. ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். நாங்களே அந்த வாசலால் வந்தவர்கள். ஆனால் ஆறு வருடம் கழித்து இரண்டு பாடசாலைகளின் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நல்ல பாடசாலை, அது மோசமான பாடசாலை என்று சொன்னால் நியாயமாகுமா? அங்கே முதலாம், இரண்டாம் பிள்ளைகளாக வந்தவர்களை இங்கே கொண்டுவந்துவிட்டோம். அங்கே எஞ்சியவர்களோடு கணித ஆசிரியர் இல்லாமலும், ஆங்கில ஆசிரியர் வந்து வந்து மாற்றலாகிப் போவதாலும் அந்த அதிபர் போராடிக்கொண்டிருக்கிறார். நம் கல்லூரியின் வெற்றிப் பலகையில் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தரம் 6இல் 100 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேர் சாதாரண தரம் எழுதுகிறார்கள். 45 பேர் சித்தியடைகிறார்கள். நாம் 75 சதவீதம் என்று எழுதுகிறோம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 45 சதவீதம். மீதி 40 பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. பரீட்சை எழுதித் தவறியவளுக்காவது ஒரு சுட்டெண் இருக்கிறது; அடுத்த வருடம் மீண்டும் எழுதலாம். எழுதாமலே போனவளுக்கு அதுவும் இல்லை. அடுத்த வருடம் சதவீதம் உயர்ந்தால், பாடசாலை முன்னேறியதா, அல்லது பலவீனமான பிள்ளைகள் இன்னும் சிலர் இடைவிலகினார்களா என்று அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பெண்பிள்ளை எங்கே நின்றுபோகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டத்துச் சின்னப் பாடசாலை முடிந்து தூரத்துப் பாடசாலைக்கு மாற வேண்டிய இடத்தில் ஒரு தொகை. வயதுக்கு வந்த பின், தண்ணீரும் ஒழுங்கான கழிப்பறையும் இல்லாத இடத்துக்கு மாதம் முழுவதும் எப்படிப் போவது என்று தயங்கி ஒரு தொகை. அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் மூத்தவள்தான் வீட்டுக்கு அம்மா. தம்பிக்கு டியூசன் கட்டக் காசு பிரட்டினால், அக்காவுக்குக் கட்ட மீதி இருக்காது. எல்லாவற்றையும் தாண்டி சாதாரண தரம் சித்தியடைந்தவளும் உயர்தரத்தில் கலைப்பிரிவையே எடுக்கிறாள். அவளுக்கு விஞ்ஞானம் வராது என்பதால் அல்ல; நடந்து போகக்கூடிய தூரத்தில் தமிழ் மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் உயர்தர வகுப்பு இல்லை என்பதால். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக மேலதிக ஒதுக்கீடு பெறுகிறது. அந்த ஒதுக்கீட்டின் பயன் உயர்தரம் எழுதுகிறவளுக்குத்தான்.

நின்றுபோனவள் வீட்டில் சும்மா இருப்பதில்லை. கொழுந்துக்குப் போகிறாள், கொழும்புக்குப் போகிறாள். 2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமியின் மரணம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அவளுடைய பெயரை இங்கே நாங்கள் சொல்லவில்லை. அவளைப் பெற்றவர்கள் அந்த மலையைச் சேர்ந்தவர்கள். கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 ஆக உயர்ந்திருந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. சட்டம் இருந்தது. ஒரு பிள்ளை இரண்டு கிழமை வரவில்லையென்றால் லயத்துக்குப் போய் ஏன் என்று கேட்க ஆள்தான் இருக்கவில்லை.

ஆகவே நூற்றாண்டுச் சங்கத்திடம் நாங்கள் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கணக்கு. நம் கல்லூரியிலும், நமக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோட்டப் பாடசாலைகளிலும், தரம் 6இல் சேர்ந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர், சாதாரண தரம் எழுதியவர்கள் எத்தனை பேர், சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர், உயர்தரத்துக்கு எந்தப் பிரிவுக்குப் போனார்கள் என்று அதிபர்களின் சம்மதத்தோடு வருடந்தோறும் சங்கம் தொகுக்கட்டும். யாரையும் குறை கூறுவதற்காக அல்ல. எந்த வகுப்பில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே கைகொடுப்பது என்று தெரியும்.

இரண்டாவது, பணம். நம் உதவிப் பணம் பெரும்பாலும் புலமைப்பரிசில் பெற்று இங்கே வந்த பிள்ளைக்கே போகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கேயே இருந்து தரம் 10, 11 படிக்கும் பிள்ளைக்கும் ஒரு பங்கு போகட்டும். பஸ் பருவச்சீட்டு, கணித வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பரீட்சை மாதத்தில் படிக்க ஒரு வெளிச்சமான அறை. இவை பெரிய செலவல்ல. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகள் நினைத்தால் ஒரு பாடசாலையையே பொறுப்பெடுக்கலாம்.

மூன்றாவது, இடம். தரம் 6க்கு மட்டும் திறக்கும் விடுதிக் கதவு, சாதாரண தரத்துக்குப் பிறகும் திறக்கட்டும். தோட்டப் பாடசாலையிலேயே படித்து, விஞ்ஞானமோ கணிதமோ படிக்கத் தகுதி பெற்று வரும் பிள்ளைகளுக்கென்று வருடத்துக்குச் சில கட்டில்கள் ஒதுக்கி வையுங்கள். பத்து வயதில் ஒரு பரீட்சையில் தவறியவளுக்குப் பதினாறு வயதில் இன்னொரு வாய்ப்பு வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் "பேர் விழுந்தது" என்போம். எங்கள் அம்மாமார் பேர் விழுவதற்காக விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றவர்கள். தங்கள் மகள்மாரின் பேர் செக்ரோலில் விழாமல் பாடசாலை இடாப்பில் நிற்க வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்களுக்கு அது நிறைவேறியது. அதற்காக இந்தக் கல்லூரிக்கும், விடுதியில் எங்களைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அடுத்த வருடப் பெறுபேற்றை வாசிக்கும்போது, எழுதாமல் போனவர்களின் தொகையையும் சேர்த்து வாசியுங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறோம்.