ஏரியின் வரைபடமும் பார்ப்பவர் பழக்கமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழ்கின்றவர்கள் நாள்தோறும் தேடிப் பார்ப்பது செம்பரம்பாக்கம் ஏரியின் நிலவரத்தை. நாளிதழிலும் கைபேசியிலும் அது கோடுகளாகவும் வண்ணப் பட்டைகளாகவும் வரைந்து காட்டப்படுகிறது. சித்திரம் ஒன்றே எனினும், காண்பவரின் கல்வியும் தொழிலும் அனுபவமும் வேறுபடுவதால் அது உணர்த்தும் பொருளும் வேறுபடுகிறது.

அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 12 அடி என்று கோடு காட்டுமானால், பள்ளிக் கணக்கையே துணையாகக் கொண்டவர் ஏரி பாதி நிறைந்தது என்று நிச்சயித்துவிடுவார். ஏரிப் பாசனத்தில் பழகிய விவசாயியோ, அடியில் குறுகி மேலே அகலும் நீர்நிலையில் மேலடி ஒவ்வொன்றும் கீழடியைவிட மிகுதியாக நீர் கொள்ளும் என்பதை அறிந்தவராதலால், இருப்பு பாதிக்கு வெகு குறைவு என்பதை எளிதில் உணர்வார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உற்பத்தியின் தரத்தை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே கண்காணித்துப் பழகிய தொழிலாளி, ஏறிச்செல்லும் கோடு எல்லையைத் தொடுமுன்பே விழிப்படைவார். அத்தகைய கோட்டை வாழ்நாளில் கண்டிராத மூதாட்டிக்கு அது வெறும் கீறல். அவருக்கு அறிவு போதாது என்பது அநியாயம். வரைந்தவர் அவரை மனத்தில் கொள்ளவில்லை என்பதே உண்மை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அத்தகைய எண் பொறியாளருக்கு, அந்த நீர் சென்று சேரும் அடையாறு தாங்க வேண்டிய பாரத்தை உணர்த்தும். குன்றத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உள்ள குடும்பத்துக்கோ, நம் தெருவுக்கு நீர் வருமா, எப்போது வரும் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

எல்லோருக்கும் விளங்கும்படி வரைந்து காட்ட முயன்றவரும் உண்டு. வியன்னாவில் 1925இல் சாதாரண மக்களுக்காகப் புள்ளிவிவரக் காட்சிசாலை அமைத்த ஆட்டோ நியூராத், பெரிய தொகையைப் பெரிய உருவத்தால் காட்டாமல், ஒரே அளவுள்ள உருவங்களைப் பலவாக அடுக்கிக் காட்டும் முறையைக் கைக்கொண்டார். எண்ணத் தெரிந்த எவரும் தாமே ஒப்பிடலாம் என்பதே அதன் தத்துவம்.

ஆகவே, ஏரி நிலவரத்தை வரைந்து வெளியிடுவோரை நான் வேண்டிக்கொள்வது இதுவே: அடிக்கணக்கோடு இருப்பின் விகிதத்தையும் காட்டுங்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவருக்காக வண்ணத்தின் அருகே சொல்லையும் எழுதுங்கள், வெளியிடுமுன் விவசாயியிடமும் தொழிலாளியிடமும் இல்லத்தரசியிடமும் காட்டி, என்ன விளங்கிற்று என்று கேளுங்கள். அவர்கள் தவறாகக் கூறினால், திருத்தப்பட வேண்டியது வரைபடமே.