இடக்கை ஹூக்கில் வல்லவர் யார்?



குத்துச்சண்டைப் பிரியர் இருவர் ஓரிடத்திற் கூடினால், சிறிது நேரத்தில் ஒரு வழக்கு எழுந்தே தீரும். இடக்கை 'ஹூக்' குத்தில் யாவரினும் வல்லவர் யார் என்பதே அவ்வழக்கு. ஒருவர் ரொபின்சன் என்பார். மற்றவர் பிரேசியர் என்பார். மூன்றாமவர் வந்து சேர்ந்தால், ஹென்றி கூப்பரை மறந்தீர்களோ என்று கடிந்துகொள்வார். இவ்வழக்கில் இன்று நானும் ஒரு கட்சிக்காரனாக நிற்கிறேன்.

நமது பாடசாலைகளின் ஸ்டப்ஸ் கேடயப் போட்டிகளைக் கண்டவர்கள் இக்குத்தை அறிவர். வலக்கைப் பழக்கமுள்ள வீரர் இடக்காலையும் இடக்கையையும் முன்னே வைத்து நிற்பார்; வலக்கை பின்னே, மோவாயை ஒட்டிக் காவலிருக்கும். அம்முன்கையின் முழங்கையை மடித்து, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில் வளைத்து அடிப்பதே இடக்கை ஹூக். நேராக வரும் வலக்கைக் குத்துக் கடக்கவேண்டிய தூரம் அதிகம். எதிராளி அதைக் கண்டுகொள்ள முடியும். ஹூக்கோ அண்மையிலிருந்து, கண்பார்வையின் ஓரத்திலே புறப்படுகிறது. அது மோவாயிற் பட்டால், தலை பக்கவாட்டிற் சடுதியாகத் திரும்பும். அத்திருப்பத்தில் மண்டையோட்டினுள் மூளை அதிர, நினைவு தப்புகிறது. கையின் பலத்துக்கு இதிற் சிறு பங்கே. பெரும் பங்கு காலுக்கும் இடுப்புக்கும் உரியது.

தனியொரு குத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 1957ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி சிக்காகோ நகரில் சுகர் றே ரொபின்சன் அடித்ததை விஞ்சுவது அரிது. அவ்வாண்டு சனவரியில் ஜீன் புல்மர் என்பவரிடம் நடுத்தர எடைப் பிரிவின் உலகப் பட்டத்தை அவர் பறிகொடுத்திருந்தார். தமது 36ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் அதனை மீட்க வந்தார். புல்மர் முரட்டு வீரர். அதுவரை எவரும் அவரைப் பத்து எண்ணும்வரை கிடத்தியதில்லை. ஐந்தாம் சுற்றில், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலையிலேயே ரொபின்சன் இடக்கையை வீசினார். பின்னே போகிறவரிடம் பலமான குத்து இராது என்பது பொதுவிதி. புல்மர் அவ்விதியை நம்பியிருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின், சண்டையை ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று அவர் தம் பக்கத்தாரைக் கேட்டாராம்.

மயக்கத்தின் ஆழமே அளவுகோல் என்போர், 1960ஆம் ஆண்டு யூன் மாதம் நியூயோர்க்கில் நடந்ததை எடுத்துக் காட்டுவர். சுவீடன் நாட்டு ஜொஹான்சன், முந்திய ஆண்டில் புளோய்ட் பற்றர்சனை ஒரே சுற்றில் ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தவர். மறுபோட்டியின் ஐந்தாம் சுற்றிற் பற்றர்சனின் ஹூக் அவரைச் சாய்த்தது. அவர் அசைவற்றுக் கிடக்க, ஒரு கால் மட்டும் துடித்தது. வென்றவர் மண்டியிட்டுத் தோற்றவரைத் தாங்கிக்கொண்டார். அப்படச்சுருளைப் பார்க்குந்தோறும் என் மனம் குத்தை விட்டு அந்தக் காலிலேயே நின்றுவிடுகிறது. ரொபின்சன், பற்றர்சன், ஜொஹான்சன் ஆகிய மூவரையும் முதுமையில் மறதிநோய் பீடித்தது. இன்ன குத்தினால் வந்ததென்று எவரும் சுட்ட முடியாது. ஆயினும், கண்மூடிக் கிடந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே என் அளவுகோல் வேறு: குத்து யாரை எட்டியது, எப்போது எட்டியது, எதிராளி அதனை எவ்வளவு எதிர்பார்த்திருந்தார்?

கூப்பர் இவ்வளவுகோலுக்கு நன்றாகவே ஈடுகொடுப்பார். இயல்பில் இடக்கையரான அவர், வலக்கையர் போல நின்று சண்டையிட்டமையால், பலமான கை எதிராளிக்கு அண்மையில் இருந்தது. 1963ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி லண்டன் வெம்பிளி அரங்கில், தம்மிலும் ஏறக்குறைய 20 இறாத்தல் எடை கூடிய காசியஸ் கிளேயை - பின்னாளில் முகம்மது அலி - நான்காம் சுற்றின் இறுதியில் வீழ்த்தினார். மணி அடித்தது, கிளே தப்பினார். கிழிந்த கையுறையின் பேரில் அவருக்கு நெடுநேரம் ஓய்வு கிடைத்ததென்று பிற்காலத்திற் கதை வளர்ந்தது. படச்சுருளோ, வழக்கமான ஒரு நிமிடத்துக்கு மேற் சில விநாடிகளையே காட்டுகிறது. அடுத்த சுற்றிற் கூப்பரின் கண்ணருகே வெடித்த காயம் சண்டையை முடித்துவிட்டது. எனினும் அன்றைய கிளே இருபத்தொரு வயது இளைஞர்; கைகளைத் தாழ்த்தி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர்.

1986இல் மைக் டைசன் பேர்பிக்கைத் தள்ளாடவைத்ததையும், 2004இல் ஹொப்கின்ஸ் ஈரலைக் குறிவைத்து டி லா ஹோயாவை மடக்கியதையும் சொல்வோர் உளர். நல்ல குத்துகளே, ஆனால் என் வழக்கு ஜோ பிரேசியருக்காக.

பிரேசியர் தென் கரோலினாவின் வறிய கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் ஒரு பன்றியைச் சீண்டி, அது துரத்த ஓடி விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டதாகத் தம் சுயசரிதையிற் கூறுகிறார். வைத்தியத்துக்குப் பணமில்லை. கை தானே பொருந்தியது. ஆனால் அதன்பின் முழுதாக நிமிரவில்லை. ஹூக்குக்கு வேண்டிய வளைவை விபத்தே அமைத்துக் கொடுத்ததென்று சொல்லலாம். வலக்கையால் அவர் பெரிதாக எதையும் சாதித்தவரல்லர். இடக்கைதான் வரும் என்பது அவரை எதிர்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் தப்ப முடியவில்லை என்பதே என் வாதத்தின் உயிர்.

1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி, நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் அவரும் அலியும் மோதினர். இருவரும் அதுவரை தோல்வி அறியாதவர்கள். பிரேசியரின் பக்கத்திலிருந்த எடி பியூச் ஒரு நுட்பத்தைக் கண்டிருந்தார்: கீழிருந்து மேலே வலக்கையால் அடிக்க முற்படும்போது, அலியின் மோவாய்க் காவல் இறங்கிவிடுகிறது, அக்கணமே ஹூக்கை வீசவேண்டும். பதினோராம் சுற்றில் அக்குத்து அலியைத் தள்ளாடச் செய்தது. இறுதிச் சுற்று, பதினைந்தாவது. நாற்பது நிமிடங்களுக்கு மேல் அடித்தும் அடிபட்டும் களைத்த கால்கள். அலி வலக்கையை இறக்கினார். பிரேசியர் ஏறக்குறைய நிலத்திலிருந்தே எழுந்தவர் போல இடக்கையைக் கொணர்ந்தார். அலி மல்லாந்து விழுந்தார், தாடை வீங்கிற்று.

அவர் உடனே எழுந்துவிட்டாரே, அது எப்படிப் பெருங்குத்தாகும் என்று ரொபின்சன் கட்சியினர் என்னை மடக்குவதுண்டு. முற்றிலும் புறந்தள்ளத்தக்க வாதமன்று. ரொபின்சனின் குத்து எழவிடவில்லை. பிரேசியரின் குத்து எழவிட்டது. ஆனால் ரொபின்சனுடையது ஐந்தாம் சுற்றிற் புத்துணர்வோடு அடித்தது, எதிராளி நினையாதது. பிரேசியருடையதோ பதினைந்தாம் சுற்றில், உலகமே எதிர்பார்த்த அதே குத்து, அக்காலத்தில் யாவரினும் விரைவாக விலகத்தக்க மனிதர் மீது. புல்மரின் இடத்தில் அலி நின்றிருந்தால் ரொபின்சனின் குத்து என்னவாகியிருக்கும் என்று நானும் அவர்களைத் திருப்பிக் கேட்பதுண்டு. இதற்கு இன்னும் எவரும் எனக்கு விடை தரவில்லை.

மூன்று நடுவர்களும் பிரேசியரையே வென்றவராகத் தீர்த்தனர். அலி தாடையைச் சோதிப்பிக்க வைத்தியசாலைக்குச் சென்று திரும்பினார். வென்ற பிரேசியரோ அதன்பின் பல நாட்களை வைத்தியசாலைக் கட்டிலிலே கழித்தார்.