ஊருணியைக் கைவிடலாமா?



இராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. வைகையும் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்தாலன்றிச் சித்திரையில் குடிக்க வழியில்லை. இதனை உணர்ந்தே நம் முன்னோர், குளிக்கவும் மாடு கழுவவும் வேறு குளம் வைத்து, ஊருணியைக் குடிநீருக்கென்றே ஒதுக்கினர்.

இன்று குழாய் வந்துள்ளது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் இலக்குடன் 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கமும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், தொலைவிலிருந்து வரும் நீர் மின்சாரம் தடைப்பட்டாலும், குழாய் உடைந்தாலும் நின்றுவிடும். அந்நாட்களில் லாரியை எதிர்நோக்கிக் குடத்துடன் காத்திருப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள் அல்லரோ?

500 பேர் வாழும் ஊரில், குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லிட்டர் என்று கொண்டால், ஓராண்டுக்கு 18 இலட்சத்து 25 ஆயிரம் லிட்டர் வேண்டும். 40 மீட்டர் நீளமும் அகலமும், 3 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் 48 இலட்சம் லிட்டர் கொள்ளும். கரைச் சரிவுக்கும் வெயிலுக்குமாகப் பாதிக்கு மேல் கழித்தாலும், கோடையைக் கடத்திவிடலாம்.

ஆனால், ஆழம் கூடினால் நீரும் கூடும் என்றெண்ணி, மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கிவிடுவாருண்டு. இது பெருங்கேடு. ஊருணியின் நீரைத் தாங்கி நிற்பது அடியிலுள்ள களிமண்ணே. அதனைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் நன்னீர் கீழே இறங்கிவிடும். அல்லது உவர்நீர் மேலே ஏறும். பிறகு எத்தனை மழை பெய்தும் பயனில்லை. கரைக்கு வெளியே ஒரு குழி தோண்டிப் பார்த்தால், களி எவ்வளவு ஆழம் உள்ளதென்று தெரியும். வண்டலை மட்டும் வழித்தெடுப்போம். அது வயலுக்கும் ஆகும்.

வரத்துக்காலை ஆக்கிரமிப்பதும், நீர் வரும் புறம்போக்கில் மலங்கழிப்பதும் நிற்க வேண்டும். தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்த நீரைக் காய்ச்சியே பருக வேண்டும்.

உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-இல் கிராம சபை கூடுகிறது. ஊருணியில் நீர் வற்றிவரும் காலம் அது. வண்டல் எடுக்கவும், வேலி கட்டவும், கால்வாயைத் திருத்தவும் அன்றே தீர்மானித்தால், ஐப்பசி மழைக்குள் வேலையை முடிக்கலாம்.