இடி கேட்டால் மலையை விட்டு இறங்குவோம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்னல் எல்லா ஊரிலும் ஒரே அளவாக விழுவதில்லை. நாசாவின் செய்மதி 1998 முதல் 2013 வரை எடுத்த கணக்கின்படி, உலகிலேயே அதிகம் மின்னுவது வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கு மேலேதான். அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்குச் சுமார் 233 மின்னல்கள். ஆபிரிக்காவில் கொங்கோப் பகுதியும் முன்னுக்கு நிற்கிறது. நடுக்கடலில் குறைவு, துருவங்களில் மிக அரிது.

காரணம் என்ன? வெயில் நிலத்தைச் சூடாக்க, ஈரக்காற்று மேலெழும்புகிறது. மலைச்சரிவு அதை இன்னும் உயரத் தள்ளுகிறது. மேகத்துக்குள் பனிக்கட்டித் துகள்கள் மோதி மின்னேற்றம் பெறுகின்றன. மரக்காய்போவில் கரீபியன் கடலின் ஈரமும் அந்தீஸ் மலையும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.

வெயிலும் ஈரமும் மலையும் நம்மிடமும் உண்டு. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடிமழை கூடுதல், அதுவும் பின்னேரத்தில். அந்த நேரம் நாம் எங்கே நிற்கிறோம்? திறந்த மலையில், கொழுந்துக் கூடையோடு. நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்ற பயத்தில், இடி கேட்டும் இறங்காமல் நிற்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். இடி கேட்டதும் வேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்தே மலையேற வேண்டும். அந்த நேரத்துக்காகப் பேர் வெட்டக்கூடாது. பக்கத்தில் ஒதுங்கக் கட்டிடம் வேண்டும்; மரத்தடி பாதுகாப்பல்ல.

இக்கோரிக்கையை எழுதியிருக்கிறோம். எல்லோரும் கையெழுத்திட்டே கலைவோம்.